ரேஸ் இல்லாத மாதங்களில் ஒரு பைக் ரேஸருக்கு என்ன வேலை?

கடைசி ரேஸ் முடிந்து வந்ததும் தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அப்புறம் என்ன, அடுத்த சீசன் வரைக்கும் ஓய்வுதானே?" ஓய்வு உண்டு. இரண்டு மூன்று வாரம் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ளவும் வேண்டும். அதற்குப் பிறகு வருவதுதான் வருடத்திலேயே எனக்கு அதிக வேலை உள்ள காலம்.

நான் 600 சிசி சூப்பர்ஸ்போர்ட் பிரிவில் ஓட்டுகிறேன். அணி என்றால் நான், ஒரு மெக்கானிக், டிராக்கில் பைக்கைச் சோதித்து ஓட்டும் டெஸ்ட் நாட்களில் மட்டும் வந்து டேட்டா பார்த்துத் தரும் நண்பர், அவ்வளவுதான். பைக் ரேஸின் உச்சப் பிரிவான மோட்டோஜிபியில் ஒரு கூட்டமே பிரித்துச் செய்கிற வேலையை மூன்று பேர் இழுத்துப் போட்டுச் செய்கிறோம். ஆகவே எதைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளிப்போட்டால் சீசன் முழுக்க அவஸ்தைப்பட வேண்டியிருக்கும் என்பது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

புதிதாக வரும் பையன்கள் இந்த மாதங்களில் வேகத்தைக் கூட்டப் பார்க்கிறார்கள். என் கணக்கு வேறு. ஓட்டும்போது நம்மிடம் இருக்கும் கவனம் அளவானது. முன்கை மரத்துப்போனால் அதில் ஒரு பங்கு போய்விடும். பிரேக் லீவர் விரலுக்குத் தோதாக இல்லையென்றால் இன்னொரு பங்கு. ஆறாத தோள்வலி, உறுத்தும் கையுறை, "இந்த டயர் கடைசி வரை தாங்குமா" என்ற சந்தேகம், எல்லாம் தின்றது போக மிச்சத்தை வைத்துத்தான் டிராக்கைப் பார்க்கிறோம். இந்தத் தொந்தரவுகளை ஒவ்வொன்றாகக் களைவதைத்தான் நான் தயாரிப்பு என்று சொல்வேன். வேகம் அதன் பின்னால் வந்துவிடும்.

முதல் வேலை எழுதுவது. கடைசி ரேஸ் முடிந்த அதே வாரத்தில், ஞாபகம் சூடாக இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு பக்கம். எந்த வளைவில் எந்த கியர், எந்தக் குறியைப் பார்த்து பிரேக் பிடித்தேன், எத்தனையாவது லேப்பில் பின் டயர் நழுவ ஆரம்பித்தது, மழையில் எங்கே தண்ணீர் தேங்கியது. மெக்கானிக் அண்ணன் தனியாக எழுதுவார். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்போம். நான் "வளைவின் வெளியேற்றத்தில் முன் சக்கரம் வெளியே தள்ளுகிறது" என்று எழுதிய பக்கத்தில் அவர் "பின் சஸ்பென்ஷன் ரொம்பக் கீழே உட்காருகிறது" என்று எழுதியிருப்பார். இரண்டும் ஒரே நோய்தான். பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கத்தின் எடை குறைகிறது, பைக் அகலமாகப் போகிறது. சீசன் நடுவில் இதைப் பற்றிப் பேச நேரமே கிடைக்காது.

அடுத்தது உடம்பு. சீசன் முழுக்க டேப் ஒட்டி, மாத்திரை போட்டு ஓட்டிய காயங்களை இப்போதுதான் கவனிக்க முடியும். காரை எலும்பில் உலோகத் தகடும் திருகாணியும் வைத்திருப்பவர்கள் எங்கள் தொழிலில் ஏராளம். அதை எடுக்க வேண்டுமென்றால் கடைசி ரேஸ் முடிந்த உடனே எடுத்துவிடுவது நல்லது. தகட்டை எடுத்த பிறகு திருகாணி இருந்த துளைகள் மூடி எலும்பு பழைய பலத்துக்கு வரச் சில மாதங்கள் ஆகும். அந்தச் சமயத்தில் விழுந்தால் அதே இடத்தில் மறுபடி உடையலாம். மணிக்கட்டில் இருக்கும் ஸ்காஃபாய்டு எலும்பு இன்னும் மோசம். சின்ன எலும்பு, அதற்கு ரத்த ஓட்டமும் குறைவு, ஆறுவதற்கு நாள் பிடிக்கும். "சும்மா சுளுக்குதான்" என்று விட்டு, பிரேக் பிடிக்க முடியாமல் அரை சீசனைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கக் குழியில் அழுத்தினால் வலிக்கிறதா, ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

பயிற்சி பற்றி நிறையப் பேசலாம், சுருக்கமாகச் சொல்கிறேன். ரேஸில் இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 170க்கு மேலே போய் அங்கேயே நிற்கும். மோட்டோஜிபி ரேஸ் சுமார் 40 நிமிடம். அவ்வளவு நேரம் அதே துடிப்பில் தெளிவாக யோசிக்க வேண்டும். அதற்கு சைக்கிள் மாதிரி வேறு பயிற்சி இல்லை, மூட்டுக்கும் கேடில்லை. ஜிம்மில் தசையை ஏற்றிக்கொண்டு வருபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அந்தக் கூடுதல் எடையையும் சேர்த்துத்தான் ஒவ்வொரு வளைவுக்கு முன்னாலும் நிறுத்த வேண்டும். தொடை, இடுப்பு, முதுகு, கழுத்து, இவைதான் வேண்டியவை. ஏன் என்பது முன்கைப் பிரச்சினைக்கு வந்தால் புரியும்.

இதை நாங்கள் ஆர்ம் பம்ப் என்போம். முன்கைத் தசைகளைச் சுற்றி ஒரு உறை இருக்கிறது. அது அவ்வளவாக விரிந்து கொடுக்காது. விடாமல் இறுக்கிப் பிடிக்கும்போது தசைக்குள் ரத்தம் நிறைந்து வீங்குகிறது, உறை விரியாததால் உள்ளே அழுத்தம் ஏறுகிறது. முதலில் முன்கை கல் போல ஆகும். அப்புறம் விரலில் உணர்ச்சி குறையும். லீவரை எவ்வளவு அழுத்துகிறோம் என்றே தெரியாமல் போவதுதான் இதில் பயங்கரம். மோட்டோஜிபி ஓட்டுநர் டானி பெட்ரோசா 2015இல் முதல் ரேஸ் முடிந்த கையோடு இதற்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டு அடுத்த மூன்று ரேஸ்களை விட்டார். அந்த அளவு ஓட்டுநருக்கே இந்தக் கதி.

அறுவை சிகிச்சைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. என் முன்கை வீங்கியதற்குப் பாதிக் காரணம் கையிலேயே இல்லை, சீட்டில் இருந்தது. ஆக்ஸிலரேட்டரைத் திறக்கும்போது உடம்பு பின்னால் போகிறது. பின்னால் முட்டுக்கொடுக்க ஒன்றும் இல்லையென்றால் ஹேண்டிலைப் பிடித்துத் தொங்குவோம், வேறு வழியில்லை. சீட்டின் பின்பகுதியில் தடிமனான ஃபோம் வைத்து, இடுப்பு வந்து நிற்கும் இடத்தை முன்னால் கொண்டுவந்தோம். கை உடனே தளர்ந்தது. பிரேக் பிடிக்கும்போது நிலைமை தலைகீழ். உடம்பு முன்னால் பாய்கிறது. அதைக் கையால் தாங்கினால் மறுபடி அதே கதை. தொடையால் டேங்க்கைக் கவ்வி, வயிற்றை இறுக்கித் தாங்க வேண்டும். டேங்க்கின் இரு பக்கமும் சொரசொரப்பான கிரிப் ஒட்டுவது இதற்காகத்தான். இப்போது புரியும், ஏன் பைசெப்ஸைவிட தொடைக்கும் வயிற்றுக்கும் பயிற்சி முக்கியம் என்று.

பிரேக் லீவரின் கோணத்துக்கு ஒரு முழு மாலை ஒதுக்குகிறோம். பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, நான் சூட், ஹெல்மெட், கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு உட்காருவேன். முதலில் டிராக்கில் நேர்க்கோட்டில் போகிற மாதிரி படுத்துக் கிடப்பேன்.

"தம்பி, அப்படிப் படுக்காதே. பிரேக் பிடிக்கிற மாதிரி எழுந்து உட்கார்."

"இப்ப சரியா அண்ணே?"

"கண்ணை மூடிக்கோ. கையைக் கொண்டுவந்து வை. பார்க்காதே."

கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினால் அது எங்கே போய் விழுகிறதோ அங்கே லீவர் இருக்க வேண்டும். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே கோடு. மணிக்கட்டு மேலே மடங்கினாலோ கீழே மடங்கினாலோ முன்கைக்கு வேலை கூடிவிடும். அண்ணன் திருகாணியைத் தளர்த்தி, ஒரு மயிரிழை திருப்பி, மறுபடி கேட்பார். சரி என்றதும் கிளாம்ப்பும் ஹேண்டிலும் சேரும் இடத்தில் வெள்ளை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. விழுந்தால் அந்தக் கோட்டைப் பார்த்து லீவரை அதே இடத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். லீவரின் அழுத்தத்தை பிரேக்குக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரையும் இதே சமயத்தில் முடிவு செய்துவிடுவோம். 19×18, 19×20 என்று இரண்டு அளவு சாதாரணமாகக் கிடைக்கும். இரண்டாவதில் லீவர் கெட்டியாக இருக்கும், கொஞ்ச தூரம்தான் நகரும், விரலுக்கு அதிக பலம் வேண்டும். முதலாவது மென்மை, குறைந்த பலத்தில் அதே பிரேக். முன்கைத் தொந்தரவு உள்ளவர்கள் முதலாவதை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

பயிற்சிக்காக வேறு பைக் ஓட்டுவது பற்றி எனக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு. மோட்டோஜிபியில் குளிர்காலத்தில் டெஸ்ட்டுக்குத் தடை இருப்பதால் எல்லோரும் மண் பாதையில் ஓட்டும் மோட்டோகிராஸ், அந்த வகை பைக்கிலேயே சாலை டயர் போட்டு ஓட்டும் சூப்பர்மோட்டோ, மினிபைக், கடையில் கிடைக்கும் தயாரிப்பு பைக் என்று எதையாவது ஓட்டுகிறார்கள். ஓட்டத்தான் வேண்டும். சறுக்கும் சக்கரத்தோடு பழகும் உணர்வை எந்த ஜிம்மும் தராது. ஆனால் அடிபட்டவர்களைப் பாருங்கள். 2024 ஜனவரி கடைசியில் மோட்டோஜிபி ஓட்டுநர் ஃபிராங்கோ மோர்பிடெல்லி போர்ச்சுகலின் போர்டிமாவோ டிராக்கில் தயாரிப்பு பைக்கில் பயிற்சி எடுக்கும்போது விழுந்து தலையில் அடிபட்டார். புது அணி, புது பைக். சீசனுக்கு முந்தைய டெஸ்ட்டுகள் எல்லாம் கையை விட்டுப் போயின. 2025இல் நடப்பு சாம்பியனாக இருந்த ஹோர்ஹே மார்ட்டின், மலேசியாவின் செபாங் டிராக்கில் நடந்த டெஸ்ட்டில் விழுந்து காயம் ஆறிவரும்போது, முதல் ரேஸுக்குச் சில நாட்களே இருக்கையில் சூப்பர்மோட்டோ பயிற்சியில் விழுந்தார். இடது மணிக்கட்டில் முறிவு, முதல் மூன்று ரேஸ்கள் போச்சு. 2021 இறுதியில் மார்க் மார்க்கெஸ் ஆஃப்-ரோடு பயிற்சியில் விழுந்ததில் பார்வை இரட்டையாகத் தெரிய ஆரம்பித்து அந்த வருடத்தின் கடைசி இரண்டு ரேஸ்களை விட்டார். இவர்கள் மூவருக்கும் ஓட்டத் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆகவே நான் வைத்திருக்கும் வழக்கம் இது. பயிற்சியில் ஸ்டாப்வாட்ச் உண்டு, பந்தயம் கிடையாது. நண்பர்களோடு ஓட்டினால் கடைசி இரண்டு லேப்பில் யாராவது சூடாகிவிடுவார்கள். அப்போது நான் உள்ளே வந்துவிடுவேன். களைப்பு தெரிந்ததும் அன்றைக்குப் போதும். முதல் ரேஸுக்கு முந்தைய இரண்டு வாரம் மோட்டோகிராஸைத் தொடவே மாட்டேன், சைக்கிள் மட்டும். நான் அதிகம் ஓட்டுவது கார்ட் டிராக்கில் மினிபைக். வேகம் குறைவு, வளைவுகள் நெருக்கம். ஒரு மணி நேரத்தில் உடம்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றும் எண்ணிக்கை பெரிய டிராக்கில் ஒரு நாள் முழுக்க ஓட்டினாலும் வராது.

பைக்கைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் கழற்றி மாட்டுவது அண்ணன் வேலை. நான் பக்கத்தில் உட்கார்ந்து துடைப்பேன், கேள்வி கேட்பேன். ரைடர்கள் இதைச் செய்ய வேண்டும் என்பது என் எண்ணம். எந்த போல்ட்டை எதற்காக, கழன்று விடாதபடி லாக்வயர் என்ற கம்பி போட்டுக் கட்டுகிறார்கள் என்று தெரிந்திருந்தால் பைக்கின் மேல் நம்பிக்கை வரும். எண்ணெயை வடிக்கும் போல்ட், ஆயில் ஃபில்டர், எண்ணெய் ஊற்றும் மூடி, எல்லாவற்றுக்கும் கம்பி உண்டு. ரேடியேட்டரில் ரோடு பைக்கில் ஊற்றும் கிளைகால் கூலன்ட் கூடாது, தண்ணீர்தான். கிளைகால் டிராக்கில் சிந்தினால் வழுக்கும், சீக்கிரம் காயவும் செய்யாது, பின்னால் வருகிறவன் விழுவான். பைக்கின் வெளிக்கூடான ஃபேரிங்கின் அடித்தட்டு, எஞ்சின் உடைந்தால் எண்ணெயிலும் தண்ணீரிலும் குறைந்தது பாதியையாவது பிடித்து வைக்கும் அளவு இருக்க வேண்டும் என்று சர்வதேச மோட்டார்சைக்கிள் கூட்டமைப்பான எஃப்ஐஎம்மின் விதி சொல்வதும் இதற்காகத்தான். ஒவ்வொரு வருடமும் விதிப்புத்தகத்தை முழுக்கப் படியுங்கள். மாற்றங்கள் சின்னச் சின்ன வரிகளில் ஒளிந்திருக்கும். பெரிய மாற்றம் வரும்போது எல்லோரும் பேசுவார்கள். 2027இல் மோட்டோஜிபி 850 சிசிக்கு இறங்குவதைப் பற்றி யாருக்குத்தான் தெரியாது? ரேஸுக்கு முன் பைக்கைச் சோதிக்கும் ஸ்க்ரூட்டினியில் நம்மை நிறுத்துவது அந்தச் சின்ன வரிதான்.

இனி டெஸ்ட். அதிகமாக ஏமாறும் இடம் இதுதான். முதல் நாள் மாலை நேரப்பட்டியலைப் பார்த்துவிட்டு ஒருவன் துள்ளுவான், ஒருவன் சாப்பிடாமல் படுப்பான். யார் புது டயரில் அந்த நேரத்தைப் போட்டான், யார் முழு டேங்க்கோடு ஓட்டிக்கொண்டிருந்தான் என்று அந்தப் பட்டியலில் இருக்காது. நான் பார்ப்பது நீண்ட ஓட்டத்தில், தேய்ந்த டயரில், பத்து லேப்புக்கு அப்புறம் வரும் நேரங்களை. அங்கே நேரங்கள் ஒன்றுக்கொன்று நெருக்கமாக நின்றால் நிம்மதி.

நாங்கள் பின்பற்றும் முறை எளிது. முதல் செஷனில் போன சீசனின் கடைசி செட்டிங், பழக்கமான டயர். புதிதாக எதுவும் இல்லை. பல மாதம் கழித்து ஓட்டும்போது முதலில் மாறியிருப்பது நாம்தான். அந்த நேரத்தில் பைக்கையும் மாற்றினால் எது எதனால் என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதற்கு அப்புறம் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி வைத்தால் அது எதுவரை தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்த்து எவ்வளவு அமுங்கியது என்று தெரிந்துகொள்ளலாம். டேட்டா கருவி வாங்க முடியாதவர்களுக்கும் இது கைகொடுக்கும். மாற்றம் நன்றாக இருப்பதாகத் தோன்றினால் மறுபடி பழையதற்குப் போவோம், பிறகு மறுபடி புதியதற்கு. காலையைவிட மதியம் டிராக்கில் ரப்பர் படிந்து பிடிப்பு கூடியிருக்கும். நமக்கும் கை பழகியிருக்கும். திரும்பிப் போய்ப் பார்க்காமல் "இந்த ஸ்பிரிங் நல்ல ஸ்பிரிங்" என்று முடிவு கட்டினால், புகழ் ஸ்பிரிங்குக்குப் போகும், உழைத்தது டிராக்காக இருக்கும்.

ஒரு டெஸ்ட்டில் ஒரே ஒரு வளைவில் மட்டும் எனக்கு முன்பக்கம் நம்பிக்கையே தரவில்லை. ஃபோர்க்கைத்தான் மாற்ற வேண்டும் என்று நான் நின்றேன். டேட்டா பார்க்கும் நண்பர் பிரேக் அழுத்தக் கோட்டைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். ஏறும்போது நன்றாகத்தான் ஏறியது. வளைவுக்குள் சாயும்போது மெல்லச் சரிந்து இறங்க வேண்டிய கோடு, படிக்கட்டு மாதிரி டக்கென்று விழுந்திருந்தது. பிரேக்கைச் சட்டென்று விட்டால் அமுங்கிய ஃபோர்க் மேலே எழும்பும், முன் டயர் மேலிருக்கும் அழுத்தம் குறையும், பைக் திரும்ப மறுக்கும். ஃபோர்க்கைத் தொடவில்லை. அடுத்த செஷன் முழுக்க அந்த ஒரு வளைவில் விரலை மெதுவாக விடுவதை மட்டும் செய்தேன், லேப் நேரத்தைப் பார்க்கவே இல்லை. மாலையில் கோடு சரிவாக வந்தது. செட்டிங்கை மாற்றும் முன் டேட்டாவைப் பார்க்கச் சொல்வது இதனால்தான். கருவி இல்லாதவர்கள் வளைவின் ஓரத்தில் ஒரு நண்பரை நிறுத்தி வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். ஃபோர்க் துள்ளுவது வெறும் கண்ணுக்கே தெரியும்.

ஸ்டார்ட் பயிற்சியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். டெஸ்ட் நாளில் அனுமதி இருக்கும் இடத்தில் செஷன் முடிவில் இரண்டு மூன்று ஸ்டார்ட் எடுங்கள். அதற்கு மேல் கிளட்ச் சூடாகி வேறு மாதிரி பிடிக்கும், அதில் பழகிப் பயனில்லை.

சூட், பூட்ஸ், கையுறை எதையும் முதல் ரேஸில் புதிதாகப் போடாதீர்கள். புதுத் தோல் விறைப்பாக இருக்கும், சாய்ந்து முட்டியை வெளியே போடும்போது இழுக்கும். டெஸ்ட்டிலேயே போட்டுப் பழக்கிவிட வேண்டும். ஏர்பேக் சூட் மோட்டோஜிபியின் எல்லாப் பிரிவுகளிலும் 2018 முதல் கட்டாயம். இன்று சின்னப் போட்டிகளிலும் பரவலாகிவிட்டது. அதை சர்வீஸுக்கு அனுப்பும் காலம் இதுதான். சீசன் நெருங்கினால் எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்புவார்கள், திரும்பி வருவதற்குள் ரேஸ் வந்துவிடும்.

முதல் ரேஸ் செபாங், தாய்லாந்தின் புரிராம் மாதிரி வெக்கையான இடத்தில் என்றால் வெயிலுக்கு உடம்பைப் பழக்க ஒன்று முதல் இரண்டு வாரம் வேண்டும். குளிரூட்டிய அறையில் சைக்கிள் மிதித்துவிட்டு அங்கே போய் இறங்கினால் பாதி ரேஸிலேயே தலை சுற்றும். ஒவ்வொரு செஷனுக்கும் முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று அர்த்தம். அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக, உப்போடு, அடுத்த சில மணி நேரத்தில் மெல்லக் குடித்து ஈடுகட்ட வேண்டும்.

பணம் பற்றி ஒரு வரி. ஸ்பான்சர்களுக்கு எழுதும் வேலை ஜிம்மைவிடக் களைப்பானது, ஆனாலும் கடைசி ரேஸ் முடிந்த மாதமே தொடங்கிவிடுங்கள். டிராக்கில் விழுவதால் வரும் செலவை வரவுசெலவில் முதல் வரியாகப் போடுங்கள், கடைசி வரியாக அல்ல.

கடைசி டெஸ்ட்டுக்கும் முதல் ரேஸுக்கும் நடுவில் நாங்கள் எதையும் புதிதாக முயற்சி செய்வதில்லை. அந்த நாட்களில் ஸ்பேர் பெட்டியைத்தான் கட்டுகிறோம். உதிரிகளைத் தனித்தனியாகப் போட்டு வைக்காமல், கோத்தே வைக்கிறோம். ஹேண்டிலின் ஒரு பக்கமான கிளிப்-ஆனில் கிரிப், லீவர், லீவர் கார்டு எல்லாம் மாட்டி, அதே இடத்தில் வெள்ளைக் கோடும் போட்டு, ஒரு துணியில் சுற்றி "வலது" என்று எழுதிவிடுவார் அண்ணன். இடதுக்கும் அப்படியே. கால் வைக்கும் ஃபுட்பெக் தொகுதி, அதன் போல்ட்டுகளோடு ஒரு பையில். விழும்போது முதலில் உடைவது இவைதான். தகுதிச் சுற்றில் விழுந்து, பைக்கைத் தள்ளிக்கொண்டு பிட்டுக்கு வந்து, இன்னும் பத்து நிமிடம் மிச்சம் இருக்கும்போது போல்ட் தேடிக்கொண்டு நின்றால் ஸ்டார்ட்டுக்கு நிற்கும் கிரிட்டில் கடைசி வரிசைதான். கோத்து வைத்திருந்தால் இரண்டு போல்ட்டைக் கழற்றி மாட்டி, ஆக்ஸிலரேட்டர் சுழன்று தானாகத் திரும்புகிறதா என்று பார்த்து, மறுபடி வெளியே அனுப்பிவிடலாம்.